பலகையில் கூடிப்போன ஒரு சொல்

1. தண்ணி மெஷின்

தொண்ணூறுகளின் தொடக்கத்தில், மலேசியாவில் கிள்ளானிலிருந்து காப்பார் போகும் சாலையோரம் இருந்த எங்கள் கண்ணாடித் தொழிற்சாலைக்கு வாட்டர்ஜெட் மெஷின் வந்து இறங்கியது. நான் அங்கே புரொடக்‌ஷன் சூப்பர்வைசர். லோரியிலிருந்து பெட்டிகளை இறக்கி முடிக்கவே அரை நாள் ஆயிற்று. இது தண்ணீரால் கண்ணாடி வெட்டும் மெஷின் என்று நான் சொன்னதும் வேலையாட்கள் சிரித்தார்கள். ஒவ்வொருவரும் பத்து, பதினைந்து வருடமாகக் கண்ணாடியோடு மல்லுக்கட்டுகிறவர்கள். சிரிக்க அவர்களுக்கு உரிமை இருந்தது.

"தண்ணில கண்ணாடிய கழுவலாம்ணே. வெட்டவுமா முடியும்?" என்று கேட்டவர் வேலாயுதம். எங்கள் தளத்தில் முதல்தரமான கட்டர் அவர்தான். வேலு என்று கூப்பிடுவோம்.

மெஷினோடு சிங்கப்பூரிலிருந்து ஓர் எஞ்சினியர் வந்திருந்தார். அதிகம் பேசாத சீனர். ஐம்பதாயிரம் பி.எஸ்.ஐ. அழுத்தத்துக்குப் பம்பை ஏற்றி, ஊசி நுழையும் அளவுள்ள நாசில் வழியாகத் தண்ணீரை விட்டார். அதோடு கார்னெட் என்கிற சிவந்த மணலும் கலந்து இறங்கும். பத்தொன்பது மில்லிமீட்டர் கண்ணாடி, நாங்கள் கையால் வெட்டும்போது மூச்சை அடக்கிக்கொள்கிற கனம். அதில் சாவித்துளை வடிவம் ஒன்றை வெட்டி எடுத்து வேலு கையில் கொடுத்தார். விளிம்பில் ஒரு சிராய்ப்பு இல்லை. வேலு அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அதற்குப் பிறகு யாரும் சிரிக்கவில்லை. ஆனால் "தண்ணி மெஷின்" என்ற பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டது. அந்தப் பெயரே எங்களை ஏமாற்றிவிட்டது என்று இப்போது நினைக்கிறேன். தண்ணீரைக் கண்டு யார் பயப்படுவார்கள்?

கிளம்பும் நாளில் எஞ்சினியர் என்னிடம் ஆறு அட்டைகள் கொடுத்தார். பிளாஸ்டிக் உறை போட்டவை. அடையாளக் கார்டு அளவு. மெஷினைத் தொடுகிற ஒவ்வொருவரும் பர்ஸில் வைத்திருக்க வேண்டும், ஏதாவது நடந்தால் டாக்டரிடம் காட்ட வேண்டும், இந்த மாதிரி அடியை எல்லா டாக்டரும் பார்த்திருக்க மாட்டார்கள் என்றார். சரி சரி என்று வாங்கி என் மேசை இழுப்பறையில் வைத்துப் பூட்டினேன். பையன்கள் வேர்வையில் ஊறவைத்துத் தொலைத்துவிடுவார்கள், வேண்டும்போது எடுத்துக்கொள்ளலாம் என்பது என் கணக்கு. எதையும் பத்திரப்படுத்திவிடும் பழக்கம் எனக்கு உண்டு. அது நல்ல பழக்கம் என்று நினைத்திருந்தேன்.

எங்கள் முதலாளியை எல்லோரும் தவுக்கே என்றுதான் கூப்பிடுவோம். அவர் அட்டையில் இருந்ததைப் படித்துவிட்டு, "இத பெரிய போர்டா போடு லா. இங்கிலீஷ், மலாய், தமிழ், மூணும் வேணும்" என்றார். ஆங்கிலத்தை அட்டையிலிருந்தே எடுத்துக்கொண்டோம். மலாயை ஆபீஸ் குமாஸ்தா, எங்கள் பேச்சில் கிராணி, எழுதினார். தமிழ் என் பொறுப்பு.

என் தமிழைப் பற்றி எனக்கு அப்போது கர்வம் இருந்தது. பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸில் வளர்ந்தவன். தமிழ்ப்பள்ளியில் கட்டுரைக்குப் பரிசு வாங்கியவன். கோயில் திருவிழா நோட்டீஸை யார் எழுதினாலும் பிழை பார்க்க என்னிடம்தான் கொண்டுவருவார்கள். ஒற்று மிகாத இடத்தில் மிகுந்திருந்தால் எனக்குச் சோறு இறங்காது.

அட்டையில் இருந்த வாசகம் எளிமையானது. எந்த இஞ்சுரியாக இருந்தாலும், எவ்வளவு சிறியதாக இருந்தாலும், உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். அவ்வளவுதான். நான் முதலில் "காயம்" என்று எழுதினேன். மொட்டையாக இருப்பதுபோல் பட்டது. எங்கள் தளத்தில் முட்டி இடித்துக்கொண்டாலும் காயம்தான், நகம் கன்றினாலும் காயம்தான். எல்லாவற்றுக்கும் ஆஸ்பத்திரிக்கு ஓடினால் வேலை என்ன ஆவது என்றும் ஒரு யோசனை ஓடியது. முன்னால் ஒரு சொல்லைச் சேர்த்தேன். "எவ்வளவு சிறிய ரத்தக்காயமாக இருந்தாலும் உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்." வாய்விட்டுப் படித்தேன். ஓசை நன்றாக இருந்தது. பெயின்டரிடம் கொடுத்துவிட்டேன்.

மூன்று நாளில் பலகை வந்தது. மஞ்சள் பின்னணியில் கறுப்பு எழுத்து. ஓர் எழுத்துப் பிழைகூட இல்லை.

2. கையைத் தூக்கி நூறு

கண்ணாடித் தொழிலில் இல்லாதவர்களுக்கு ஒன்றைச் சொல்லியாக வேண்டும். எங்களுக்கு வெட்டு படுவது அன்றாடம். கண்ணாடி வெட்டினால் முதலில் வலிக்காது. சட்டையில் சிவப்பாக ஏதோ இருக்கிறதே என்று பார்த்தால்தான் தெரியும். அதனால் வலியை நாங்கள் நம்புவதில்லை, ரத்தத்தைத்தான் நம்புவோம்.

எங்கள் தளத்தில் இதற்கு ஒரு வழக்கமே இருந்தது. வெட்டு பட்டவர் கையைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு, வெட்டை அழுத்திப் பிடித்து, ஒன்று முதல் நூறு வரை சத்தமாக எண்ண வேண்டும். நூறுக்குள் ரத்தம் நின்றுவிட்டால் பிளாஸ்டர். நிற்காவிட்டால் கிளினிக். யார் தொடங்கிவைத்த வழக்கமோ தெரியாது. மலாய்க்காரர்கள் மலாயிலும் நாங்கள் தமிழிலும் எண்ணுவோம். கிரைண்டிங் பக்கத்திலிருந்து "அறுபத்தி ரெண்டு, அறுபத்தி மூணு" என்று குரல் கேட்டால், யார் என்று திரும்பிப் பார்த்துவிட்டு அவரவர் வேலையைத் தொடர்வோம். புதிதாக வந்தவர்கள் இதைக் கண்டு மிரளுவார்கள். ஒரு மாதத்தில் அவர்களும் எண்ணுவார்கள்.

வேலுவின் கைகளில் வெள்ளைக் கோடுகள் நிறைய. ஒவ்வொன்றுக்கும் ஒரு கதை சொல்லுவார். இது கடைக் கண்ணாடி, இது அக்வேரியம், இது மாமனார் வீட்டு அலமாரி. கையால் வெட்டும்போது கட்டர் சக்கரம் கண்ணாடியில் ஓடுகிற சத்தத்தை வைத்தே கோடு சரியா இல்லையா என்று சொல்லிவிடுவார். வலது கை ஆள்காட்டி விரலைக் கட்டரின் தலையில் வைத்து அழுத்துவார். அந்த விரலின் நுனி காய்ப்புக் காய்த்து, ஒரு பக்கம் தட்டையாகவே ஆகிவிட்டிருந்தது.

புது மெஷினுக்கு யாரைப் போடுவது என்று தவுக்கே கேட்டபோது நான் யோசிக்காமல் வேலு பெயரைச் சொன்னேன். முதல் வாரம் கண்ணாடிகள் உடைந்தன. துளை போடத் தொடங்கும்போது முழு அழுத்தத்தில் தண்ணீர் இறங்கினால் கண்ணாடி விரிசல் விட்டுவிடும். அழுத்தத்தைக் குறைத்து, மெதுவாகத் துளைத்து, தண்ணீர் அடிப்பக்கம் வந்த பிறகுதான் ஏற்ற வேண்டும். எஞ்சினியர் எழுதிக் கொடுத்த எண்களை நாங்கள் பிடித்துத் தொங்கிக்கொண்டிருந்தோம். வேலு நாலு நாள் மெஷின் பக்கத்தில் நின்று சத்தத்தைக் கேட்டார். ஐந்தாம் நாள், "இப்ப ஏத்தலாம்ணே, சத்தம் மாறிருச்சு" என்றார். அதற்குப் பிறகு உடைந்தவை மிகக் குறைவு.

வெட்டி முடித்து, சூடேற்றி உறுதியாக்கும் டெம்பர் வேலைக்கு அனுப்புகிற கதவுக் கண்ணாடிகள், உள்மூலை கூராக இல்லாமல் வளைவாக, ஒரே அளவாக வரிசையில் நிற்கும். வேலு அவற்றைப் பார்த்தபடி நிற்பார். "இத்தன வருசம் கையில வெட்டினதுக்கு இப்பத்தான் எனக்கு ஓய்வு" என்று ஒருநாள் சொன்னார். எனக்கும் மனசு நிறைந்திருந்தது. அந்தக் கைகளுக்கு நான் ஒரு நல்லது செய்துவிட்டதாக நினைத்தேன்.

3. வெள்ளைப் புள்ளி

மெஷின் வந்து ஏழெட்டு மாதம் ஆகியிருக்கும். அம்பாங்கில் எழும்பிக்கொண்டிருந்த ஒரு கட்டடத்துக்கு நாங்கள் கதவுக் கண்ணாடி கொடுத்துக்கொண்டிருந்தோம். அளவில் ஏதோ சந்தேகம் என்று கான்டிராக்டர் கூப்பிட்டதால் அன்று காலை நான் அங்கே போய்விட்டேன். தளத்தில் நடந்ததைப் பிற்பாடு வேலுவும் மற்றவர்களும் சொல்லித்தான் அறிந்தேன்.

காலை பத்து மணிவாக்கில் அழுத்தம் லேசாக இறங்கியிருக்கிறது. நாசிலுக்குப் போகும் ஸ்டீல் குழாயில் ஓர் இணைப்பின் பக்கம் மெல்லிய பனிபோலத் தண்ணீர் தெறித்திருக்கிறது. எந்த நட்டில் கசிகிறது என்று கண்ணுக்குத் தெரியவில்லை. வேலு துணிக் கையுறையோடு விரலைக் குழாய் ஓரமாக நகர்த்தித் தடவிப் பார்த்தார். நாசிலுக்கு முன்னால் கையை நீட்டக் கூடாது என்று எல்லோருக்கும் தெரியும். அவரும் நீட்டவில்லை. ஆனால் குழாயில் முடி அளவு கசிவு இருந்தாலும் அங்கேயும் அதே ஐம்பதாயிரம்தான் என்பது எங்கள் யாருக்கும் உறைக்கவில்லை. பம்பை நிறுத்தி, அழுத்தத்தை முழுக்க இறக்கிவிட்டுத்தான் குழாய்ப் பக்கம் கையைக் கொண்டுபோக வேண்டும். இன்று படிக்கிறவர்கள் இந்த ஒரு வரியையாவது மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

குளவி கொட்டியதுபோல் சுரீர் என்றதாம். கையுறையைக் கழற்றினார். ஆள்காட்டி விரலின் அடிப்பகுதியில், கடுகு அளவில் ஒரு வெள்ளைப் புள்ளி. பழக்கத்தில் கையைத் தலைக்கு மேல் தூக்கி எண்ணத் தொடங்கியிருக்கிறார். பத்துப் பன்னிரண்டு எண்ணியதும் பக்கத்து மேசைக்காரர் எட்டிப் பார்த்தார்.

"ரத்தமே இல்ல, என்னத்துக்கு எண்ணிக்கிட்டு நிக்கிற?"

எல்லோரும் சிரித்தார்கள். வேலுவும் சிரித்திருக்கிறார். கையை இறக்கிவிட்டு, பம்பை நிறுத்தி, நட்டை இறுக்கினார். பிறகு ஒரு காரியம் செய்தார். எதிரே இருந்த பலகையைப் படித்தார். எவ்வளவு சிறிய ரத்தக்காயமாக இருந்தாலும். விரலை மறுபடி பார்த்தார். ரத்தம் இல்லை. மெஷினை ஓட்டினார்.

நான் திரும்பியபோது மணி நாலு. வேலு இடது கையால் பட்டனை அழுத்திக்கொண்டிருந்தார். வலது கையை மார்போடு அணைத்து வைத்திருந்தார். விரல் வெளுத்து, இரண்டு மடங்கு பருத்திருந்தது.

"என்ன வேலு, அடிபட்டுச்சா?"

"தண்ணி குத்திருச்சுண்ணே. ரத்தம் ஒண்ணும் வரல. சும்மா விண்ணு விண்ணுனு தெறிக்குது."

பிடித்துப் பார்த்தேன். விரல் சில்லென்று இருந்தது. இழுப்பறையில் ஆறு அட்டைகள் இருந்தது அந்த நேரம் எனக்கு நினைவுக்கு வரவில்லை. ரத்தம் இல்லை என்று அவர் சொன்னதும் என் புத்தியும் அதோடு நின்றுவிட்டது.

"நரம்பு பிசகியிருக்கும். வீட்டுக்குப் போயி தைலம் போடு, காலையில பாக்கலாம்" என்றேன்.

மோட்டார் சைக்கிளின் திராட்டலை அவரால் முறுக்க முடியவில்லை. கூட வேலை செய்த ஒருவர்தான் பின்னால் உட்காரவைத்துக் காப்பாரில் இருந்த அவர் வீட்டில் கொண்டுபோய் விட்டார்.

4. டாக்டர் படித்த அட்டை

மறுநாள் ஏழரை மணிக்கு ஆபீஸ் போன் அடித்தது. வேலுவின் மனைவி சரோஜா, மளிகைக் கடையிலிருந்து பேசினார். "அண்ணே, கை முழங்கை வரைக்கும் வீங்கிக் கெடக்கு. வெரலு கறுத்துப்போச்சு. ராத்திரி பூரா உக்காந்தே இருந்தாரு. கொஞ்சம் வாங்கண்ணே."

என் காரில் ஏற்றிக்கொண்டு கிள்ளானில் ஓர் ஆஸ்பத்திரிக்குப் போனோம். அவசரப் பிரிவில் இருந்த இளம் டாக்டர், எதில் வெட்டிக்கொண்டீர்கள் என்று கேட்டார். வெட்டவில்லை, தண்ணீர் பட்டது என்றோம். சுடுதண்ணீரா என்றார். அப்போதுதான் எனக்கு இழுப்பறை நினைவுக்கு வந்தது. நாற்காலியிலிருந்து எழுந்து ஓடினேன். தொழிற்சாலைக்குப் போய்த் திரும்பி வர முக்கால் மணி நேரம். அந்த முக்கால் மணி நேரமும் என்னை நானே திட்டிக்கொண்டே ஓட்டினேன்.

அறுவை மருத்துவர் ஒரு பெண்மணி, ஈப்போவைச் சேர்ந்த தமிழர். அட்டையை வாங்கி நின்றபடியே படித்தார். அவர் முகம் மாறியது.

"எப்ப நடந்துச்சு?"

"நேத்துக் காலையில பத்து மணிக்கு."

"நேத்தா?" அட்டையை என் பக்கம் திருப்பினார். "இதுல எவ்வளவு சின்னதா இருந்தாலும் உடனே வரணும்னு போட்டிருக்கே. ஏன் வரல?"

வேலுதான் பதில் சொன்னார். "ரத்தம் வரலீங்க டாக்டர்."

அவர் கோபப்படவில்லை. குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னார். "இதுல வெளிய ரத்தம் வராது. தோல்ல ஒரு புள்ளிதான் இருக்கும். தண்ணி உள்ள பூந்து சதையைப் பிரிச்சிக்கிட்டே போகும். உள்ள எதுவரைக்கும் போயிருக்குன்னு தொறந்து பாத்தாதான் தெரியும்."

திறந்து பார்த்தார்கள். உள்ளங்கையைத் தாண்டி மணிக்கட்டு வரை போயிருந்தது. பம்புக்குப் போன எங்கள் தொட்டித் தண்ணீர் சுத்தமான தண்ணீர் இல்லை. உள்ளே சீழ் பிடித்துவிட்டது. ஐந்து நாளில் மூன்று முறை அறுவை. மூன்றாவது முறை ஆள்காட்டி விரலை எடுத்துவிட்டார்கள். நடுவிரல் தப்பியது, ஆனால் மடங்கவில்லை. அடிபட்ட அன்றே வந்திருந்தால் என்று டாக்டரிடம் கேட்டேன். "உறுதியா சொல்ல முடியாது. ஆனா வாய்ப்பு நிறைய இருந்துச்சு" என்றார்.

கட்டு போட்ட கையைத் தலையணை மேல் வைத்துக்கொண்டு வேலு படுத்திருந்தார். நான் எத்தனையோ சொல்ல நினைத்துப் போனேன். அவர் சொன்னது இதுதான்: "கட்டர் புடிக்கிற வெரலுண்ணே." நான் வராந்தாவுக்கு வந்து சுவரைப் பார்த்துக்கொண்டு அழுதேன்.

5. சாமா

மூன்று வாரம் கழித்துத் தொழிற்சாலை ஆய்வுக்கு அரசாங்க அதிகாரி வந்தார். நடுத்தர வயது மலாய்க்காரர், நிதானமானவர். வேலுவை வீட்டில் பார்த்துவிட்டுத்தான் வந்திருந்தார். மெஷினைப் பார்த்தார், குழாயைப் பார்த்தார், பலகையின் முன் வந்து நின்றார். பக்கத்தில் தவுக்கே.

"போர்டு இருக்கு துவான். மூணு மொழி. அவன் யாருகிட்டயும் சொல்லல, ஆறு மணி நேரம் வேலை செஞ்சான். நான் என்ன செய்ய முடியும்?" என்று, ஐயா என்பதற்குத் துவான் போட்டு, மலாயில் சொன்னார் தவுக்கே. மோசமான மனிதர் இல்லை. ஆனால் பயந்திருந்தார். ரிப்போர்ட்டில் தொழிலாளியின் அலட்சியம் என்று எழுதிவிட்டால் வேலுவை வேலையிலிருந்து நிறுத்திவிடலாம் என்று காலையில்தான் என்னிடம் சொல்லியிருந்தார். அந்தக் கையை வைத்துக்கொண்டு இங்கே என்ன செய்யப்போகிறான் என்றார்.

அதிகாரி ஆங்கிலத்தைப் படித்தார். மலாயைப் படித்தார். தமிழ் எழுத்துகளை விரலால் சுட்டி என்னிடம் திரும்பினார். "இனி பூன் சாமா கா?" இதுவும் அதேதானா என்பது கேள்வி.

நான் பலகையைப் பார்த்தேன். அந்தச் சொல் தடித்த எழுத்தில் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது. மருத்துவமனையில் வேலு "ரத்தம் வரலீங்க" என்ற அந்த நிமிஷமே எனக்குத் தெரிந்துவிட்டது, எங்கே தப்பு என்று. மூன்று வாரமாக அதை எனக்குள் மென்று விழுங்கிக்கொண்டிருந்தேன். அங்கே தமிழ் படிக்கத் தெரிந்தவனாக நான் ஒருவன்தான் நின்றிருந்தேன்.

"சாமா, துவான்" என்றேன். அதேதான்.

அவர் நோட்டில் குறித்துக்கொண்டார். தவுக்கே என் தோளைத் தட்டினார். அன்று மத்தியானம் சாப்பாடு இறங்கவில்லை. நோட்டீஸில் ஒற்றுப் பிழைக்காகச் சோறு இறங்காமல் இருந்த ஆள்தான் நான்.

ஞாயிற்றுக்கிழமை காப்பாருக்கு வேலு வீட்டுக்குப் போனேன். சரோஜா தேநீர் கொண்டுவந்து வைத்தார். வேலு இடது கையால் கோப்பையை என் பக்கம் நகர்த்தினார். பிறகு கேட்டார்.

"அண்ணே, நான் போர்ட பாத்துட்டுதான் பேசாம இருந்தேன்னு அந்தத் துவான் வந்தப்ப சொன்னேன். ரத்தக்காயம்னுதான் போட்டிருக்கு, எனக்கு ரத்தம் வரலன்னு சொன்னேன். அவரு அப்புறம் மளிகைக் கடைக்குப் போன் போட்டாரு. தமிழ்லயும் அதேதான் இருக்குன்னு நீங்க சொன்னீங்களாம்."

நான் எடுத்த கோப்பையைக் குடிக்காமல் கீழே வைத்தேன்.

"நான் பொய் சொல்றேன்னு நெனச்சிட்டாருண்ணே" என்றார். குரலில் குற்றச்சாட்டு இல்லை, குழப்பம்தான் இருந்தது. "நீங்க எழுதினது, தப்பா இருக்காதுன்னுதான் படிச்சேன். எனக்குத்தான் தமிழ் அவ்வளவு தெரியாது. ரத்தக்காயம்னா ரத்தம் வர்றதுதானே? நான் தப்பா புரிஞ்சிக்கிட்டேனா?"

விரல் போன மனிதர், தன் தமிழ் போதாது என்று நினைத்துக்கொண்டு என்னிடம் சந்தேகம் கேட்கிறார். என் வாழ்நாளில் யாரும் என்னை இவ்வளவு கேவலமாக உணரவைத்ததில்லை. அவர் அப்படி நினைத்துக் கேட்கவில்லை என்பதுதான் இன்னும் மோசம்.

"நீ சரியாத்தான் படிச்சே வேலு. நான்தான் தப்பா எழுதினேன். துவான்கிட்ட சொன்னதும் பொய்" என்றேன். சரோஜா உள்ளே போய்விட்டார். வேலு வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் எழுந்து வந்தபோதும் அவர் திரும்பவில்லை.

6. தா சாமா

திங்கட்கிழமை காலை யாரும் வருவதற்கு முன் பலகையைச் சுவரிலிருந்து கழற்றினேன். நாலு ஸ்குரூ. காரின் பின்சீட்டில் நிற்காமல், முன்சீட்டைச் சாய்த்து நீளவாக்கில் வைக்க வேண்டியிருந்தது. அதிகாரியின் அலுவலகத்துக்கு ஓட்டிக்கொண்டு போனேன்.

பலகையோடு ஓர் ஆள் வந்து நிற்பதைப் பார்த்து அங்கே எல்லோரும் எழுந்து பார்த்தார்கள். நான் வாயால் சொல்லிப் பார்த்தேன். மலாயில் ரத்தக்காயத்துக்கும் காயத்துக்கும் உள்ள வித்தியாசத்தைச் சொல்லப்போய் நாக்குக் குழறியது. அதிகாரி கையைக் காட்டி என்னை நிறுத்தினார். வெளியே பார்த்து ஒரு பெயரைக் கூப்பிட்டார். தமிழ்க் கிராணி ஒருவர் வந்தார், இளம்பெண். பலகையைப் படி என்றார்.

அவர் குனிந்து நிதானமாகப் படித்தார். "எவ்வளவு சிறிய ரத்தக்..." அங்கே நின்றார். மேலே ஆங்கிலத்தைப் பார்த்தார். மறுபடி தமிழைப் பார்த்தார். என் முகத்தையும் ஒருமுறை பார்த்தார்.

"தா சாமா, துவான்" என்றார். அதே இல்லை.

அதற்குப் பிறகு நான் எல்லாவற்றையும் சொன்னேன். அட்டைகளைப் பூட்டிவைத்தது, நாலு மணிக்கு விரலைப் பார்த்துவிட்டுத் தைலம் போடச் சொன்னது, பலகை முன் நின்று பொய் சொன்னது. அவர் எழுதிக்கொண்டே வந்தார். கடைசியில் பேனாவை மூடிவிட்டு, "ஏன் அன்றைக்கே சொல்லவில்லை?" என்று கேட்டார். "மாலு, துவான்" என்றேன். வெட்கம் என்று அர்த்தம். அவர் தலையை ஆட்டினார்.

ரிப்போர்ட்டில், தொழிலாளி தான் படித்த அறிவிப்பின்படியே நடந்துகொண்டார் என்று எழுதினார்கள். தொழிற்சாலைக்கு எச்சரிக்கைக் கடிதம் வந்தது. தவுக்கே இரண்டு மாதம் என்னோடு பேசவில்லை. எனக்கு வர இருந்த மேனேஜர் பதவிக்கு, எனக்கு அடுத்த நிலையில் இருந்தவரைப் போட்டார். அதில் எனக்கு வருத்தமில்லை என்று சொன்னால் பொய். இருந்தது. ஆனால் வேலுவை நிறுத்த முடியவில்லை. கட்டு பிரித்த பிறகு அவர் இன்ஸ்பெக்‌ஷனுக்கு வந்தார். வெட்டிய கண்ணாடியை விளக்குக்கு எதிரே பிடித்து விரிசல் பார்க்கிற வேலை.

அவர் திரும்பி வந்த வாரம் நான் புதுப் பலகைக்கு வாசகம் எழுதி எடுத்துக்கொண்டு அவர் மேசைக்குப் போனேன். நாலு பேர் முன்னால் அதை அவர் கையில் கொடுத்தேன். "நீ படி வேலு. புரியலன்னா நான் எழுதினதுதான் தப்பு" என்றேன்.

அவர் உரக்கப் படித்தார். "காயமோ, ஊமைக்காயமோ எதுவாயினும்..." தலையை ஆட்டினார். "ஊமைக்காயம்லாம் வேணாம்ணே. குத்துச்சா, அவ்வளவுதான். ரத்தம் வரலன்னாலும் போகணும். அத எழுதுங்க."

அடித்தேன். எழுதினேன். மறுபடி படிக்கக் கொடுத்தேன். பக்கத்து மேசைக்காரரிடமும் கொடுத்தேன், அன்று சிரித்தவரிடம். மூன்றாவது தடவை எல்லோருக்கும் ஒரே மாதிரி புரிந்தது. ஆறு அட்டைகளும் அன்றே அவரவர் பர்ஸுக்குப் போயின. அதற்குப் பிறகு ஓய்வு பெறும் வரை, தளத்தில் மாட்டும் எந்தப் பலகையையும் அதன்படி நடக்கப்போகிறவர் வாயால் படித்துக் காட்டாமல் நான் பெயின்டரிடம் கொடுத்ததில்லை. என் அனுபவத்தில் உங்களுக்குச் சொல்ல இருப்பது இது ஒன்றுதான். நன்றாக எழுதத் தெரிந்தவன் எழுதியதுதான் எங்கள் தளத்தில் ஒரு விரலை வாங்கியது.

புதுப் பலகையை மாட்டிய அன்று வேலு இடது கையால் அதைச் சுவரோடு அழுத்திப் பிடித்துக்கொண்டார். நான் ஸ்குரூவை முறுக்கினேன். அவர் வீட்டுக்கு நான் போய் வந்ததிலிருந்து நாங்கள் வேலை விஷயம் தவிர எதுவும் பேசிக்கொண்டதில்லை. நாலாவது ஸ்குரூ இறங்கியதும் அவர் கையை எடுத்தார். பின்னால் நகர்ந்து நின்று, முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்துவரை உதட்டை அசைத்துப் படித்தார்.

"‘ரத்தம் வராவிட்டாலும்’னு இருக்குல்ல," என்றார். "அந்த ‘வராவிட்டாலும்’ இன்னும் கொஞ்சம் பெருசா இருந்திருக்கலாம்ணே."

பலகையைக் கழற்றி மறுபடி பெயின்டரிடம் கொண்டுபோனேன்.